ஓடைக்கு அப்புறம் மின்னிய ஒற்றைக் கண்

என் கண்ணைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. ஆனால் பேசுவதற்கு வேறு ஆள் இப்போது உயிரோடு இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

குலசேகரத்தைத் தாண்டி, மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. முற்றத்தில் நின்றால் கீழே ஓடை தெரியும். ஓடைக்கு அப்புறம் பெரிய ரப்பர் தோட்டம், அதற்கு மேல் காடு. கரண்டு வராத காலம். இருட்டின பிறகு அந்தக் கரையில் ஒருவன் பீடி பற்றவைத்தால் எனக்குத் தெரியும். தீக்குச்சி உரசும்போது ஒரு வெளிச்சம். பிறகு சிவப்பாக ஒரு பொட்டு. அவன் இழுக்கிறபோது பொட்டு பெரிதாகும், விடுகிறபோது அடங்கும். சந்தைக்குப் போனவர்கள் தென்னோலைச் சூட்டைக் கொளுத்தி வீசிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவார்கள். அந்த வீச்சைப் பார்த்தே இன்னார் வருகிறார் என்று சொல்லுவேன். சொன்ன ஆளே வந்து சேருவார். அப்பா இதைப் பக்கத்து விளைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

வீட்டில் அப்பா, அம்மை, நான். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். அப்பாவின் தம்பி, சித்தப்பா. அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அதனால் அவர் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல் கிடையாது. அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போவார். சித்தப்பா வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கிற காலத்தில் வேட்டைக்குப் போனார். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று மச்சில் ஓலைக்கடியில் இருந்தது. அதைவிட அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரு விளக்கு. தோல் வாரில் கோத்த விளக்கு, நெற்றியில் கட்டவேண்டும். பாட்டரிப் பெட்டி இடுப்பில் தொங்கும்.

அம்மைக்கு என்று அந்த வீட்டில் இருந்தது ஒரு செவலைப் பசு. அவள் பிறந்த வீட்டில் கொடுத்துவிட்டது. கன்றாக இருக்கும்போது முள் குத்தி அதன் வலது கண்ணில் பூ விழுந்துபோனது. அத்தைக்கு அம்மையை ஏச வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பசுவை ஏசுவாள். கண்ணு பொட்டையானதப் பாத்து தள்ளிவிட்டான் ஒனக்க அப்பன் என்பாள். செவலையின் பால் டீக்கடைக்குப் போனது. அந்தப் பாலில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

வேட்டைக்குப் போகும்போது விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பது சித்தப்பாவின் கூட்டாளி. அந்த வாரம் அவருக்குக் கண்நோவு. கண் வீங்கிச் சிவந்து, பகல் வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் இருந்தார். சித்தப்பா விளக்கை எனக்குக் கட்டுவது என்று முடிவு செய்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பெண்பிள்ளையை ராத்திரி கொண்டுபோக வேண்டாம் என்று அம்மை சொன்னாள். அப்பா சிரித்துக்கொண்டே, போகட்டும், அவ கண்ணு எதுக்காவது ஆகட்டும் என்றார். சாப்பிட்ட கையோடு கிளம்பினோம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கு நெற்றியில் கனத்தது, வார் காதை அறுத்தது. ஆனால் நான் பார்க்கிற பக்கமெல்லாம் வெளிச்சம் போனது. இருட்டு முழுக்கக் கண் என்பது அப்போதுதான் தெரிந்தது. புல்லில் பனித்துளி மாதிரி மினுங்கினது எல்லாம் எட்டுக்கால் பூச்சி. பாதையில் தீக்கங்கு ஒன்று கிடந்தது. கிட்டப் போனதும் எழுந்து பறந்துபோயிற்று. பக்கிக் குருவி என்றார் சித்தப்பாவின் கூட்டாளி. அவர் எங்களுக்குப் பின்னால், வெளிச்சம் கண்ணில் படாமல், சாக்கையும் வெட்டுக்கத்தியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு கண்ணும் தெரிந்தால் மிருகம் நம்மை நேராகப் பார்த்து நிற்கிறது. அப்போது சுடக் கூடாது. ஒற்றைக் கண் தெரிந்தால் பக்கவாட்டில் நிற்கிறது. கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளித் தோள் இருக்கும், அங்கே வைத்தால் விழும். சித்தப்பா வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஒற்றைக் கண்ணாகப் பார், ஒற்றைக் கண்ணாகப் பார்.

வீட்டுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றோம். ஓடைக்கு அப்புறம், தோட்டத்து வேலி ஓரத்தில், எனக்கு ஒரு கண் தெரிந்தது. ஒன்றே ஒன்று. பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், கிணற்றுக்குள் நிலாவைப் பார்த்த மாதிரி. கூப்பிட்டால் கேட்காத தூரம் அது. சித்தப்பாவுக்கு முதலில் தெரியவில்லை. என் தலையோடு தலையை ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்தார்.

மிளா மான், பக்கவாட்டில் நிற்கிறது என்றார்.

கீழே இறங்கி ஓடைக்கரைக்குப் போனோம். நான் அந்தக் கண்ணை விடாமல் பார்த்துக்கொண்டே நடந்தேன். கண் மேலும் கீழும் அசைந்தது. பிறகு எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. பக்கவாட்டில் நிற்கிற மிருகம் நேராக எப்படி வரும் என்று எனக்கு ஓடவில்லை. அம்மை சாயங்காலம் விளக்கோடு காடித் தண்ணீர் கொண்டுபோகும்போது செவலை அப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டு வரும்.

"சித்தப்பா, அது நம்ம செவலையாக்கும்."

"வாயப் பொத்திட்டு நில்லுட்டி. வெளக்க ஆட்டாத."

வெடித்தது. கண் அணைந்துவிட்டது.

சித்தப்பா என் தலையிலிருந்து விளக்கை அவிழ்த்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார். என்னைப் பாறைக்கு ஓடிப்போய் இருக்கச் சொன்னார். இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு ஓடையைத் தாண்டியது. வேலியைத் தாண்டியது. ஒரு இடத்தில் நின்றது. வேட்டை விழுந்தால் சித்தப்பா கூவுவார், எங்கள் முற்றத்தில் இருந்தாலும் கேட்கும். அன்றைக்குக் கூவவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பீடிப் பொட்டு பற்றினது. இரண்டும் அசையாமல் வெகுநேரம் நின்றன. பிறகு சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார். மிளாதான், பெருசு என்றார். என்னை முற்றத்தில் விட்டுவிட்டு மறுபடியும் போனார்.

விடிந்தபோது அடுக்களையில் தேக்கிலைப் பொதியாக இறைச்சி இருந்தது. தொழுவத்தில் செவலை இல்லை. தூணில் கயிற்றுத் துண்டு மட்டும் தொங்கிற்று.

அம்மை அறுந்த நுனியைக் காட்டினாள். கட்டித்தான் போட்டிருந்தேன், இழுத்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றாள். பழைய கயிறு என்று யார் பார்த்திருக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். அத்தை அதோடு விடவில்லை. பசுவையே பார்க்கத் தெரியாதவள் குடும்பத்தை எப்படிப் பார்ப்பாள் என்று முற்றத்தில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள். அம்மை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் விளை விளையாக, தோப்புத் தோப்பாகத் தேடினாள். மத்தியானம் திரும்பி வந்தபோது அப்பா சொன்னார்: "பசு கெடைக்காட்டி நீ ஒனக்க வீட்டுக்குப் போ. வேற ஒண்ண கொண்டுட்டு வா. சும்மா வராத."

பிறந்த வீட்டில் அவளுக்கு அப்போது யாரும் இல்லை. அவள் அண்ணன் மட்டும், அவனும் கட்டிலோடு கிடந்தான். போ என்றால் அவள் எங்கே போவாள் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் நான் சொன்னேன். ராத்திரி ஓடைக்கு அப்புறம் நின்றது செவலை. ஒற்றைக் கண்தான் மின்னினது. தோட்டத்து வேலிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

சித்தப்பா சிரித்தார். ஓடைப் பக்கமே போகவில்லை, மிளாவைப் பாறைக்கும் மேலே காட்டுக்குள் கிட்டத்தில் வைத்துச் சுட்டேன், பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சொல்லுகிறது, கூட்டாளியைக் கேட்டாலும் அதையே சொல்லுவான் என்றார். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கத்து வேலியில் மிருகத்தின் கண் யாருக்கும் தெரியாது, அவ்வளவு தூரம் பாட்டரி வெளிச்சம் எட்டினாலும் கண் மின்னாது என்றார். அப்பா யோசித்தார். என் கண்ணைப் பற்றி ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் வாய் எடுத்ததுமே சித்தப்பா மறித்தார். ராத்திரி வெடிச்சத்தம் கேட்டு எவன் வருகிறான் என்று தோட்டத்துக் காவல்காரன் பார்த்துக்கொண்டிருப்பான், வேலியைத் தாண்டினால் துப்பாக்கியையும் பிடிப்பான், உங்கள் பால்வெட்டு வேலையும் போகும் என்றார். அது நியாயமாகவே கேட்டது.

பிறகு அவரே வழி சொன்னார். இருட்டட்டும், சோதித்துப் பார்த்துவிடுவோம். ஓடைக்கு அப்புறம் வேலிக்குக் கீழே ஒரு வீட்டு மாடு தினமும் கட்டிக் கிடக்கும். நம் கரையிலிருந்து விளக்கடித்தால் அந்த மாட்டின் கண் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் பிள்ளை சொன்னது சரி. நானே வேலிக்குப் போய்த் தேடுகிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனோம். அம்மையை வரவேண்டாம் என்றார்கள், அவள் அடுக்களையில் இருந்தாள். விளக்கை எனக்குக் கட்டு சித்தப்பா என்று கேட்டேன். உயரத்தில் நின்று அடித்தால்தான் எட்டும், நீ சறுக்கி விழுவாய் என்று சொல்லி அவர் கட்டிக்கொண்டார். அவர் பாறைமேல் ஏறினார். அப்பாவையும் என்னையும் அத்தையையும் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி, கீழே பலாமரத்து மூட்டில் நிற்கச் சொன்னார். வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலாகப் போய் ஓடைக்கு அப்புறம் விழுந்தது. மரம் தெரிந்தது. வேலி தெரிந்தது. மாடுகூட ஒரு நிழல் மாதிரித் தெரிந்தது. கண் மின்னவில்லை.

"தெரியுதாட்டி?"

நான் கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"அண்ணே, ஒமக்கு?"

அப்பாவும் இல்லை என்றார்.

"எனக்கும் ஒண்ணும் காணல்ல" என்றார் சித்தப்பா, பாறைமேல் இருந்து.

தெரியுது என்று சொல்லியிருக்கலாம். அப்பா ஒருவேளை நம்பியிருப்பார். இல்லாததை இல்லை என்று சொன்னேன். அதனாலேயே அன்றிலிருந்து நான் கள்ளம் பறைகிறவள் ஆகிவிட்டேன். வாய் திறந்தால் போதும், மிளாவைப் பசுவாக்கினவள்தானே என்பார்கள். பெண் பார்க்க வந்தவன் வாயில் சாராய வாடை அடித்தது என்று சொன்னபோதும் அத்தை அதைத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பால் நின்றதால் பள்ளிக்கூடம் அதற்கு முன்னமே நின்றுபோயிருந்தது, மூன்றாம் வகுப்போடு. அம்மையைப் போகச் சொன்னதை அப்பா செய்துகாட்டவில்லை. ஆனால் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டினார்.

புருஷன் குடித்து விழுந்த பிறகு நான் பால்வெட்டப் போனேன். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டவேண்டும். என் கூட ஒருத்தி வருவாள், அடுத்த வரிசை அவளுக்கு. ஒருநாள் அவள் விளக்கு அணைந்துபோய் என் வெளிச்சத்தில் நடந்து வந்தாள். சரிவுக்குக் கீழே ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அதன் கண் இரண்டும் எரிந்தன.

"அன்னா நாயி பாரு" என்றேன்.

"எங்கட்டி? ஒண்ணும் காணல்லியே."

அவள் என்னைவிட்டுத் தள்ளி நாலு மரத்துக்கு அப்புறம் நின்றாள். குருடியா நீ என்று ஏசிவிட்டு, விளக்கை அவிழ்த்து அவள் தலையில் கட்டினேன். அவள் திரும்பி, அட, ஆமா என்றாள். நான் பழைய இடத்துக்கு வந்து பார்த்தேன். நாயின் கண் இருட்டாக இருந்தது. நாய் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. விளக்கு யார் நெற்றியில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கண் மின்னும். ஒட்டி நின்றால் கொஞ்சம் தெரியும். தள்ளி நின்றால் இல்லை. எத்தனையோ ராத்திரி வேட்டைக்குப் போன ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பால் வெட்டாமல் வந்த நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

சித்தப்பா அப்போது வேலையில் இருந்து ஓய்வு பெற்று, சபைக் கமிட்டியில் பெரிய ஆள். ஒரு கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"சித்தப்பா, அண்ணைக்கிப் பாறைமேல நின்னப்ப ஒமக்கு அந்த மாட்டுக்க கண்ணு தெரிஞ்சுதா?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்தப் பாறை மக்கா?"

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. என்னைக் கெடுத்தது அவருக்கு நினைவில் வைக்கிற அளவுக்கு ஒரு காரியமாக இல்லை. அவர் அடக்கத்துக்கு நான் போனேன். பொய் பேசாத மனுஷன் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. சோதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோமே, அந்த ராச்சாப்பாட்டைப் பற்றி.

நான் அழுதுகொண்டு பின்பக்கமாகப் போனேன். அம்மை அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறைச்சி கழுவிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, அத்தையின் குரல் அங்கே வரைக்கும் கேட்டிருக்கும். கையைச் சட்டிக்குள் வைத்தபடியே கேட்டாள்.

"எத்தனக் கண்ணு கண்ட மக்கா?"

"ஒண்ணு."

"வெளிச்சத்தப் பாத்து வந்துதா?"

"தலைய ஆட்டிட்டு வந்துது."

அவள் இறைச்சியிலிருந்து ஒரு துண்டுக் கொழுப்பைப் பிய்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தேய்த்து மோந்தாள். நான் சொன்னது கள்ளமா என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு எழுந்து உள்ளே போய்த் தேங்காய் துருவினாள்.

அன்றைக்கு அவள் வைத்த கறி மாதிரி அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குக்கூட வைத்ததில்லை. தேங்காயைச் சிவக்க வறுத்து, நல்லமிளகும் மல்லியும் சேர்த்து அரைத்து, வெகுநேரம் வேகவைத்தாள். வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா ஜெபம் பண்ணினார். தந்த ஆகாரத்துக்கு நன்றி சொல்லி, பிள்ளைகள் வாயில் உண்மை இருக்கட்டும் என்று முடித்தார்.

அம்மை விளம்பினாள். முதலில் அப்பாவுக்கு. அப்பா தின்று பார்த்து, நல்லா இருக்கு என்று தலையாட்டினார். அத்தை, அம்மையின் கையை ஒருநாளும் மெச்சாதவள், இன்னும் கொஞ்சம் போடு என்று நீட்டினாள். சித்தப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மை அவர் பக்கத்திலேயே நின்றாள். ஒரு கரண்டி போட்டாள். இன்னொன்று போட்டாள்.

"போதும் மைனி."

"தின்னும் தம்பி. நீரு கஷ்டப்பட்டு கொண்டு வந்ததுல்லா."

"வயிறு சரியில்ல."

"ஒரு துண்டாவது தின்னும். நான் பாத்துட்டு நிக்கேன்."

அவர் தின்றார். வாய்க்குள் வைத்து மென்று மென்று விழுங்கினார். அவள் அடுத்த கரண்டியோடு நின்றாள். மைனி சொல்லுறாள்ல, தின்னுல என்று அப்பா சிரித்தார்.

என் முன்னால் கஞ்சியும், கொள்ளு அரைத்த காணத் துவையலும் இருந்தன. எனக்குக் கறி என்று கேட்டேன். ஒனக்கு இல்ல என்றாள் அம்மை, என்னைப் பார்க்காமலே. கள்ளம் பறஞ்ச வாய்க்கி அதுவும் வேணுமாக்கும் என்று அத்தை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் எழுந்த பிறகு அடுக்களைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அம்மையும் கஞ்சிதான் குடித்தாள்.

மிளாவுக்குக் கொழுப்பு வெள்ளை. பசுவுக்கு மஞ்சள். கறி கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரியாது. வாய் திறந்து சொன்னாலும் தம்பியை விட்டு அவளை நம்ப அங்கே ஆள் இல்லை என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னைக் கள்ளியாக்கின ஆளுக்கு அவள் அள்ளி அள்ளி விளம்பினாள், எனக்கு ஒரு துண்டு தரவில்லை என்பதுதான். அந்த வீட்டில் எல்லாரும் நம்பாவிட்டாலும் அவள் நம்புவாள் என்று இருந்தேன், அவளும் இல்லை.

பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். வேலை முடிந்து அவள் வந்து பக்கத்தில் படுத்தாள். அவள் கை என் முதுகில் வந்து விழுந்தது. மிளகும் தேங்காயும் மணத்தது. கறி தராதவள் தொடவேண்டாம் என்று அதைத் தட்டிவிட்டேன்.